இடப்பக்கத்து அறை

பிப்ரவரி 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

சித்தி எழுதுவது. நானும் உன் சித்தப்பாவும் நலமாக இருக்கிறோம். முழங்கால்களை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்னும் நலம். அங்கே குளிர் குறைந்ததா? போன தடவை பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. வெந்நீர் குடி என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுக் குடி.

உன் மின்னஞ்சலுக்குத் தாளில் பதில் எழுதுகிறேன். திரையைப் பார்த்து எழுதினால் எனக்கு வாக்கியம் ஓடுவதில்லை. இது உன்னிடம் வர பத்து நாளாவது ஆகும். நம் பதிப்பகத்திலிருந்து எதுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

அம்மாவின் புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். முதலாண்டு நினைவு நாளுக்குள் கொண்டுவந்துவிடுவேன் என்று சொன்னது நான்தான், மறக்கவில்லை. இருபத்துநான்கு தாள்களும் தயார். ஆனால் அந்தத் தடிமனில் நல்ல வெள்ளைக் காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. காகிதம் வந்த வாரம் அச்சகக்காரரின் இயந்திரம் படுத்துவிட்டது. அது எழுந்து உட்கார்ந்ததும் எனக்குக் காய்ச்சல். இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. நீ கவலைப்படாதே.

சாவிக் கடை மாடியில் அதே இரண்டு அறைகள்தான். கீழே கடைக்காரர் சாவி ராவும் சத்தம் இப்போதும் மத்தியானம் முழுக்கக் கேட்கிறது. முன்னறையில் கட்டுக்கட்டாக விற்காத புத்தகங்கள், பின்னறையில் என் மேசை. காட்சிக் கவிதை போடுகிறோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அது படிக்கிற புத்தகமா, பார்க்கிற புத்தகமா? போன வாரம் உன் சித்தப்பாவின் தங்கை வந்து ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு அண்ணி என்றாள். அவள் நேராகப் பிடித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

உனக்கு அந்த முதல் புத்தகக் கூத்து நினைவிருக்காது, அப்போது உனக்கு ஆறு வயது. உன் அம்மா கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தாள், நான் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து துணிந்து இறங்கிவிட்டோம். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிகள்தான். ஒரு சொல்லிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியேறுவது போல உன் அம்மா வைத்திருந்தாள். கடைசியில் சொல்லும் கிடையாது, எறும்புகள் மட்டும். அச்சகக்காரர் அதைத் தூசி என்று நினைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துவிட்டார். முந்நூறு பிரதியிலும் வெற்றுப் பக்கம். நான் அழுதேவிட்டேன். அவர் வேறு பெருமையாக, உங்களுக்காக ராத்திரி பகலா உக்காந்து சுத்தம் பண்ணேன்மா என்றார். உன் அம்மா மூச்சு முட்டச் சிரித்தாள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தாள்: ‘உள்ளபடி’. அன்றிலிருந்து அச்சுக்குப் போகிற ஒவ்வொரு மூலத்தாளின் பின்னாலும் அந்த முத்திரை விழும். விழுந்துவிட்டால் கறையோ கைரேகையோ, யாரும் தொடக் கூடாது. தாளில் இருப்பது எதுவும் பிழை இல்லை. அதுதான் நம் பதிப்பகத்தின் ஒரே சட்டம். பத்து வருஷம் பிழை பொறுக்கிச் சாப்பிட்ட எனக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது தெரியுமா!

இருபத்துநான்கு தாள்களையும் வரிசையாகப் பின்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இருபத்துநான்கும் உங்கள் வீட்டின் வரைபடம்தான். நீ கிளம்பிப் போன பிறகு மாதம் ஒன்றாக வரைந்து தபாலில் அனுப்பியவை. கோடே கிடையாது, எல்லாம் கடுகளவு எழுத்து. சுவர் இருக்கிற இடத்தில் ‘சுவர் சுவர்’ என்று ஓடும். வாசலில் ‘வா’. அடுப்படியில் என்னென்னவோ வசவு. இடப்பக்கத்தில் உன் அறை. மேசைமேல் ‘படி படி படி’ என்று எழுதியிருப்பாள். கட்டில்மேல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் ‘சிட்டு’.

மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் அந்தச் சுவரில் விழுகிறது. நான் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இப்போது சுவருக்கு என் முதுகுதான் தெரியும். கண் கூசுகிறது என்று உன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

முன்னுரையைக் கட்டாயம் அனுப்பச் சொன்னாய். இதோடு வைத்திருக்கிறேன். அம்மா இருந்தபோதே நான் எழுதியது. அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம்.

உன் அம்மாவின் பெட்டியை இப்போதுதான் பிரித்தாயாக்கும். அதில் என் கையெழுத்தில் முகவரி போட்ட பெரிய உறை ஒன்று ஒட்டியபடியே இருக்கிறது, அம்மா போனபோது சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்தில் மற்றத் தபால்களோடு கிடந்ததை அள்ளிப் போட்டது, திறக்கட்டுமா அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதில் ஒன்றும் இல்லை, பழைய மெய்ப்புத் தாள். அனுப்பவெல்லாம் வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புள்ள
சித்தி


பிப்ரவரி 27

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீயும் தாளில் எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து உன் அம்மாவுடையதைப் போலவே சாய்கிறது.

முன்னுரையைப் படித்த பிறகு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ‘மகள் போன பின் அவள் அறையை ஒரு தாய் தன் கையாலேயே வீட்டிலிருந்து அழித்துவிடுகிறாள்’ என்ற வரியை மனப்பாடமாகத் திருப்பி எழுதியிருக்கிறாய். அம்மா செய்தது நியாயம்தான், இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட வராத மகளுக்கு வீட்டில் எதற்கு அறை, நீங்கள் புத்தகத்தை அப்படியே போடுங்கள் சித்தி, எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறாய். வீடியோவில் பேசும்போதெல்லாம் அம்மா பாதி முகத்தைத்தான் காட்டினாள், என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நான்தான் ஃபோனை நேராகப் பிடிம்மா என்று கத்திக்கொண்டே இருந்தேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

அப்படி இல்லை, சிட்டு. அப்படி இல்லவே இல்லை. வேறு என்ன என்று சொல்ல எனக்கு இன்றைக்குத் தெம்பு இல்லை. எழுதுகிறேன். கட்டாயம் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும். அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் போடாதே. திறக்கவும் திறக்காதே. இந்தக் கடிதம் வர நாளாகும் என்பதால் இன்று சாயங்காலமே உன்னை ஃபோனில் கூப்பிட்டு இதை மட்டும் சொல்லப் போகிறேன். ஏன் என்று அப்போது கேட்காதே.

சித்தி


மார்ச் 9

அன்புள்ள சிட்டு,

உறை பத்திரமாக அலமாரியில் இருக்கிறது என்று நீ ஃபோனில் சொன்னதும் நான் ஃபோனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வைத்ததும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது தடவை உன் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்த மனுஷன், நூலைப் பல்லால் கடித்தபடியே, “அந்தப் பொண்ணு உன் பாரத்தைத் தூக்கிட்டு நிக்குது. உன்னுதை நீ வாங்கிக்கோ” என்றார். அவருக்கும் நான் முழுவதும் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

உன் அம்மா உன் அறையை அழிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு அந்த அறை தெரியவில்லை. இடப்பக்கம் என்ற ஒன்றே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

பக்கத்து வீட்டம்மா ஃபோன் பண்ணி, அக்கா கூடத்தில் விழுந்து கிடக்கிறாள் என்று சொன்னதும் நான் கிடைத்த ரயிலில் ஏறினேன். நாலு மணி நேரம். நான் போனபோது அவளுக்கு நினைவு இருந்தது, பேசினாள். மறுநாள் காலை டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார். வரைபடம் போட்டுப் பிழைத்தவளிடம் போய் வட்டம் போடச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையாலேயே சுத்தமான வட்டம் போட்டாள். பிறகு எண்களை எழுதினாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, எல்லாமே வட்டத்தின் வலது பாதிக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக. இடது பாதி வெறும் வெள்ளை. முடித்துவிட்டேன் என்று தாளை நீட்டினாள். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

சிட்டு, அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. என்ன அழகு என்று தோன்றியது. இதை இருபத்தைந்தாவது தாளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அந்த நினைப்பு வந்த பிறகுதான் மற்ற இருபத்துநான்கும் எனக்குப் புரிந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வெளியே வந்து பொறுமையாகச் சொன்னார். “கண்ல ஒரு கோளாறும் இல்லம்மா. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுடுச்சு. இல்லவே இல்லைன்னு ஆன ஒண்ணை யாரும் தேட மாட்டாங்க. அதனால அவங்களுக்கு எதுவும் குறையாவே தெரிஞ்சிருக்காது.” எத்தனை நாளாக என்று கேட்டேன். மூளையில் இருந்த கட்டியின் அளவைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கலாம் என்றார். முன்னாடியே கூட்டி வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததும், அதை யாராலும் சொல்ல முடியாது, அப்படி யோசிக்காதீர்கள் என்றார். நல்ல மனுஷர். நான் அன்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன்.

மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்கு மறுநாள் நீ வந்தாய். அவள் கண் திறக்கவில்லை. உன்னிடம் கட்டி என்று மட்டும் சொன்னார்கள், அதற்கு மேல் பேச அங்கே நேரம் இருக்கவில்லை. கடிகாரத் தாளை நான் அதற்குள் மடித்து என் பைக்குள் வைத்துவிட்டேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அது அந்தப் பையில்தான் இருந்தது.

இனி நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

தாள்கள் மாதம் ஒன்றாக வந்தன என்று சொன்னேன் இல்லையா. முதல் பத்துப் பன்னிரண்டில் வீடு முழுவதாக இருக்கிறது. அப்புறம் இடது ஓரம் கொஞ்சம் மெலிகிறது. பதினான்கில் உன் ஜன்னல் இல்லை. பதினாறில் மேசை இல்லை. பதினேழில் உன் அறையே இல்லை, சுவரும் இல்லை. கூடம் பாதியில் நிற்கிறது. மீதி வீடெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. நான் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, ஆகா என்று சொல்லி, பின்னால் ‘உள்ளபடி’ என்று முத்திரை குத்தினேன். நண்பர்களைக் கூட்டி வைத்துக் காட்டினேன். அந்த வெறுமையைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். யாருமே, நான் உட்பட, இந்த அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்கவில்லை.

அதுவரை வந்த தாள்களின் மெய்ப்பைப் பார்க்க அவளை இங்கே வரவழைத்தேன். சாவதற்கு ஐந்து மாதம் முன்னால். மாடிக் கதவில் இடது தோளை இடித்துக்கொண்டு வந்தாள். ஒரு காதில்தான் தோடு இருந்தது, வலது காதில். என்ன அக்கா புது ஃபேஷனா என்றேன். காதைத் தொட்டுப் பார்த்து அவளும் சிரித்தாள். மத்தியானம் தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு, எனக்கு ரொம்பக் கம்மியா வெச்சிருக்கே என்றாள். நான் அந்த மீதியைச் சுட்டிக் காட்டி, இது யாருக்காம் என்று கேட்டு, தட்டைத் திருப்பி வைத்தேன். சாப்பிட்டாள். தட்டை என் கையால் திருப்பி வைத்தேன், சிட்டு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு முன்னுரையைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படித்தாள். “என்னடி, வாக்கியமெல்லாம் நடுவுலேர்ந்தே ஆரம்பிக்குது? நீயும் கவிதை எழுத ஆரம்பிச்சிட்டியா?” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் ஒவ்வொரு வரியிலும் வலது பாதியைத்தான் படித்திருக்கிறாள். ஆகவே இதைத் தெரிந்துகொள். நீ மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாயே, அந்த வரியை உன் அம்மா முழுதாகப் படிக்கவே இல்லை. அதற்கு அவள் தலையாட்டவும் இல்லை. அது முழுக்க முழுக்க என் வார்த்தை, என் கற்பனை, என் சாமர்த்தியம்.

கிளம்பும்போது சுவரில் மாட்டிய தாள்களைப் பார்த்து நின்றாள். “ரொம்ப நெரிசலா இருக்கு இல்ல? மூச்சு முட்டற மாதிரி. கொஞ்சம் காத்தாட விட்டிருக்கலாமோ?” என்று கேட்டாள். பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வி. பெரிய கலைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குப் புல்லரித்தது. பத்து வருஷம் ஒரு கால், ஒரு கொம்பு விடாமல் பிடித்தவள் நான். எதிரில் நின்ற ஆளைப் பிடிக்கவில்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் முன்னுரையை ஏன் மாற்றவில்லை என்று நீ கேட்கலாம். கேள். பல தடவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாற்றினால் உண்மையை எழுத வேண்டும். தவிர, அது நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் காரணம். நீ கேட்டபோது அனுப்ப மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் கோழைத்தனத்தைத் தபால்தலை ஒட்டி உனக்கு அனுப்பிவிட்டேன்.

காகிதம் கிடைக்கவில்லை, இயந்திரம் படுத்துவிட்டது என்றதெல்லாம் பொய். அச்சகக்காரர் பாவம், வாரம் ஒரு தடவை கேட்கிறார். எனக்கு அந்தத் தாள்களைச் சுவரிலிருந்து எடுக்கப் பயமாக இருக்கிறது. அந்த வெள்ளைப் பக்கம் என்னை விட மாட்டேன் என்கிறது. தெருவில் நடக்கும்போது நின்று இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். மேசையில் உட்கார்ந்தால் என் இடது தோளுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல இருக்கும். திரும்பினால் சுவர். ஒரு நாள் மத்தியானம் சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்திய நொடியில் உன் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் கடைசியாக எனக்கு எழுதிய வரியைத்தான் சொன்னாள். அது என்ன வரி என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

அவள் விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் இன்னொரு தாள் வந்தது. இருபத்தைந்தாவது. வலது பாதியில் வழக்கம்போல வீடு. ஆனால் இடது பாதியும் நிறைந்திருந்தது, எல்லாம் தலைகீழாக. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். திருப்பினால் இடது வலதாகிவிடுமே. அப்போது அந்தப் பக்கம் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: “தாள் கைதவறித் திரும்பிடுச்சு. பாத்தா அங்க ஒரு அறையே கிடக்கு. இவ்வளவு இடம் இருக்கே, நீ ஏன் சொல்லலை?”

நீ ஏன் சொல்லலை.

நான் அதைப் படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? முகம் சுளித்தேன். நெரிசல் என்று நினைத்தேன். புத்தகத்தின் போக்கைக் கெடுக்கிறது, வெறுமையில் முடிய வேண்டிய புத்தகம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் முத்திரை குத்த மறுத்த ஒரே தாள் அது. நகல்கூட எடுத்து வைக்கவில்லை. ‘அக்கா, இது நீ இல்லை. வெறுமைதான் உன் பலம். பழையபடி ஒன்று அனுப்பு’ என்று எழுதி, தாளோடு சேர்த்து உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினேன்.

அந்த உறைதான் உன் அலமாரியில் இருக்கிறது.

நான் அனுப்பி ஒரு வாரம் கழித்து அவள் ஃபோன் பண்ணினாள். “ஏண்டி, ஒரு பதிலும் காணோமே, பிடிக்கலையா?” என்றாள். அனுப்பிவிட்டேனே அக்கா, வந்திருக்கும், நல்லாப் பாரு என்றேன். “வரலையே. தினம் பாக்கறேனே” என்றாள். தபால்காரரைத் திட்டினோம். பக்கத்து வீட்டம்மாதான் தபால்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். இடது ஓரத்தில் கிடந்தது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அவள் தினமும் அந்த மேசையில் உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

அவள் அதைப் படிக்காமல் போனாளே என்று ஒரு சமயம் ஆறுதலாக இருக்கிறது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனாளே என்று இன்னொரு சமயம் துடிக்கிறேன். இரண்டையும் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உனக்கு அதில் பங்கு கிடையாது. அவள் வீடியோவில் பாதி முகத்தைக் காட்டியதற்கும் அதுதான் காரணம், சிட்டு. ஃபோனை வலப்பக்கமாகவே பிடித்திருப்பாள், தன் முகம் முழுதாகத் தெரிகிறது என்றே நினைத்திருப்பாள். உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. நீ கத்தியதற்காக உன்னையே தின்றுகொள்ளாதே. தெரியாமல் கத்திய மகள் நீ. எல்லாம் கண் முன்னால் விரித்து வைத்திருந்தும் பாராட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

புத்தகத்தைப் பற்றி நீ சொல்கிறபடி செய்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம், தாள்களை எல்லாம் கட்டி உனக்கு அனுப்பிவிடுகிறேன். போடலாம் என்றால் அந்த முன்னுரை இருக்காது, இந்தக் கடிதத்தில் இருப்பது இருக்கும். கடிகாரத் தாளை இதோடு அனுப்புகிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இப்போது நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். அந்த உறையைத் திற. மேலே என் சீட்டு இருக்கும். அதைப் படி, படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, இனி சித்தி என்று கூப்பிடக்கூட வேண்டாம். பிறகு தாளை மேசைமேல் வைத்துத் தலைகீழாகத் திருப்பு. உன் அறை வலப்பக்கம் வரும். சுவர் இருக்கும், ஜன்னல் இருக்கும். மேசைமேல் ‘படி படி’ என்று பார்த்த ஞாபகம் இருக்கிறது. கட்டிலும் இருந்தது. அதன்மேல் என்ன எழுதியிருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி எடுக்கச் சோம்பல்பட்டு மடித்து உறையில் போட்டுவிட்டேன்.

நீ பார். உன் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. தலைவலி என்று ஒரு நாள் வந்தாலும் டாக்டரிடம் போ.

உன்
சித்தி